செம்மண் கிரவுண்டா, டர்ஃபா?

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் நாங்கள் பத்துப் பேர் வாரம் இரண்டு நாள் கால்பந்து ஆடுகிறோம். பல வருஷம் ஊர்ச் செம்மண் கிரவுண்டில்தான். போன ஜூனில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் விரித்த மைதானத்துக்கு மாறினோம். இப்போது என் ஓட்டு டர்ஃபுக்கு.

செம்மண்ணில் செலவே இல்லை. இடமும் தாராளம், பதினொரு பேர் வைத்தே ஆடலாம். டர்ஃபில் ஐந்துக்கு ஐந்து, மிஞ்சினால் ஏழுக்கு ஏழு.

எங்களை மாற்றியது மழை. சென்னைக்காரர்களுக்குப் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. நமக்கோ ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். செம்மண் குழைந்தால் பந்து உருளாது. அதைவிட மோசம், அது காய்ந்த பிறகு. மிதித்த தடமெல்லாம் பள்ளம் பள்ளமாக இறுகிவிடும். அப்படி ஒரு பள்ளத்தில் கால் பிசகி எங்கள் கோல்கீப்பர் ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தார். டர்ஃபில் சாரல் அடிக்கும்போதே ஆடலாம். விரிப்பின் அடியில் துளைகள், அதற்குக் கீழே ஜல்லி, தண்ணீர் இறங்கிவிடும்.

ஆனால் எல்லா டர்ஃபும் ஒன்றல்ல. இழைகளுக்கு நடுவே மணலும், பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர் துகளும் கொட்டியிருப்பார்கள். இழையை நிமிர்த்தி வைப்பதும், விழுந்தால் தாங்குவதும் அதுதான். ஆட ஆடத் துகள் ஓரத்துக்கு ஒதுங்கும், ஷூவோடு வெளியேயும் போகும். அடிக்கடி பிரஷ் போட்டுப் பரப்பி, குறைந்ததை நிரப்ப வேண்டும். நாங்கள் முதலில் போன இடத்தில் அதைச் செய்யவே இல்லை; பந்து சிமெண்டுத் தரையில் போல எகிறியது. பணம் கட்டும் முன் கோல் வாசலில் குனிந்து கையால் தடவிப் பாருங்கள். இழை படுத்து வழவழவென்று இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

டர்ஃபில் விழுந்தால் சிராய்ப்பு நிஜம். 2015 பெண்கள் உலகக் கோப்பையைக் கனடாவில் செயற்கைப் புல்லில் நடத்துவதை எதிர்த்து வீராங்கனைகள் வழக்கே போட்டார்கள். சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் பழக்கத்தை நானும் விட்டுவிட்டேன். அடியில் நீண்ட குமிழ் (ஸ்டட்) வைத்த ஷூவும் வேண்டாம். கால் மாட்டிக்கொண்டு முட்டு திருகும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ போதும். முட்டு பல வருஷம் தாங்குமா என்று எட்டு மாத ஆட்டத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. வெயிலில் ஆடியதும் ஒரே தடவைதான். ஷூவுக்குள் உள்ளங்கால் வெந்தது. அதன்பிறகு இரவு 7 மணிக்கு மேல்தான் புக் செய்கிறோம்.

தூரப் பந்து அடித்துப் பழக மட்டும் மாதம் ஒரு ஞாயிறு செம்மண்ணுக்குப் போகிறோம், மழை இல்லாவிட்டால்.