பாவித்த சேர்வர் வாங்குகிறவர்கள் காசு போட முதல் இதை வாசியுங்கள்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். இன்டர்நெட் இழுபடுகிற நேரத்திலும் எங்கள் பக்கத்து உயர்தர மாணவர்கள் பாட வீடியோ பார்க்கட்டும் என்று வீட்டில் ஒரு சேர்வர் வைக்க நினைத்து, கொழும்பில் பாவித்த சாமான் விற்கிற ஒருவரிடம் டெல் பவர்எட்ஜ் ஆர்720 ஒன்று வாங்கினேன். 64 ஜிபி மெமரி, சேர்வர்களில் போடுகிற எஸ்ஏஎஸ் வகை ஹார்ட் டிஸ்க்குகளோடு. "எல்லாம் செக் பண்ணினது அண்ணா, ஒரு கிழமை செக்கிங் வாரண்டி இருக்கு" என்றார். வட்ஸ்அப்பில் வீடியோவும் அனுப்பினார், அதில் முன்பக்கச் சின்னத் திரை நீலமாக எரிந்தது. நீலம் என்றால் பிழை ஒன்றும் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் ஓன் பண்ணிக் கொஞ்ச நேரத்திலேயே அந்தத் திரை செம்மஞ்சளாகிவிட்டது. போர்டில் ஏ3 என்று குறித்த இடத்தில் இருக்கிற மெமரியில் பிழை. அந்த மெமரியைக் கழற்றி வேறு இடத்தில் போட்டால் பிழையும் கூடவே போகிறது, ஆகவே பழுது மெமரியில்தான், போர்டில் இல்லை. விற்றவருக்கு எடுத்துச் சொன்னால், "லொறியில் அடிபட்டிருக்கும், இல்லாட்டி உங்கட பக்கம் கரண்ட் கூடிக் குறையும்தானே அண்ணா" என்கிறார். வன்னி என்றால் கரண்டில் பழியைப் போட்டுத் தப்பிவிடலாம் என்ற நினைப்பு. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி என்று ஐடிராக்குக்குள், அதாவது டெல் சேர்வரைக் கண்காணிக்க அதற்குள்ளேயே இருக்கிற பகுதிக்குள், போய்ப் பார்த்தேன். பிழைகள் பதிவாகிற சிஸ்டம் ஈவென்ட் லொக்கில் (லொக் என்றால் பதிவேடு) முதல் வரியே 'லொக் க்ளியர்ட்', அதாவது பதிவேடு அழிக்கப்பட்டது, திகதி அவர் வீடியோ அனுப்பிய அதே நாள். லொக்கை அழித்தால் திரை நீலமாகிவிடும், அதுதான் சூட்சுமம். ஆனால் லைஃப்சைக்கிள் லொக் என்று இன்னொன்று தனியாக இருக்கிறது, மற்றதை அழித்தாலும் அது அழியாது. அதில் அதே ஏ3 பிழை, பெட்டி என்னிடம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பிருந்தே திரும்பத் திரும்பப் பதிவாகிக் கிடக்கிறது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

டிஸ்க் கதை வேறு. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளில் இருந்து கழற்றியவை, செக்டர், அதாவது டிஸ்க் தரவை எழுதுகிற சின்னத் துண்டு, வழக்கமான 512 பைட் இல்லை, 520. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கிற ரெய்ட் கார்ட் அவற்றை ஏற்கவே இல்லை. டிஸ்க்கை நேரடியாக இணைக்கிற சாதாரண எச்பிஏ கார்ட் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, லினக்ஸில் எஸ்ஜி_ஃபோர்மற் என்ற கட்டளை கொடுத்து 512க்கு மாற்ற வேண்டியதாயிற்று, ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு. நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலில் இருந்து. இதையும் விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லொக்கின் படத்தை அனுப்பியதும், "பெட்டியைக் கொண்டுவாங்கோ, பார்ப்பம்" என்றார். 30 கிலோவை நெருங்கும் பெட்டி, ஏ9 வழியே 300 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் என் செலவில்! அப்புறம் போனும் எடுப்பதில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், விசாரிக்க 1977 என்ற இலக்கத்துக்கு போன் எடுக்கலாம். பில்லையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

டெல் பெட்டி வாங்குகிறவர்கள் நீலத் திரையை நம்பிக் காசு போடாதீர்கள். வீடியோ கோலில் லைஃப்சைக்கிள் லொக்கைத் திறந்து, பழைய திகதி வரை உருட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற ஸ்மார்ட்சிடிஎல் என்ற புரோகிராமை ஓடவிட்டு செக்டர் அளவு, ஓடிய மணித்தியாலம், குறைபாட்டுப் பட்டியலின் (பழுதான இடங்களின்) எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். "ஐடிராக் பாஸ்வேர்ட் தெரியாது" என்றால் அது சாட்டு, ஓன் பண்ணும்போது எஃப்2 அமத்தி வருகிற மெனுவுக்குள் போனால் வழி இருக்கிறது. பரந்தன், முல்லைத்தீவுப் பக்கம் யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் லொக்கைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.