முட்டையிடும் நாட்டுக்கோழி என்று விளம்பரம் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்: என் 7,200 ரூபாய் போயிற்று

வீட்டோடு நாலு கோழி வளர்க்கலாம் என்று நினைக்கும் வடசென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பழைய கட்டில், பீரோ, வண்டி எல்லாம் விற்கிற கைப்பேசிச் செயலி ஒன்றில் வந்த விளம்பரத்தை நம்பி 7,200 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

கொடுங்கையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரமும் கொஞ்சம் மண்தரையும் உண்டு. விளம்பரத்தில், ‘அசல் நாட்டுக்கோழி, 5 மாதப் பெட்டை, முட்டைக்கு வந்துவிட்டது, தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று’ என்று இருந்தது. ஒன்று 850 ரூபாய். எட்டுப் பெட்டைக்கு 6,800, வண்டி வாடகை 400.

அந்த ஆள் எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை. “அக்கா, தெரு நாய் உள்ளே வருமா? கீரிப்பிள்ளை நடமாட்டம் உண்டா? மழைக்குத் தண்ணீர் நிற்குமா? கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள்” என்றெல்லாம் கேட்டான். கோழியின் மேல் இவ்வளவு அக்கறையா என்று வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. பிறகு ஒரு வீடியோ. பெட்டையின் அடியில் கைவிட்டு முட்டையை எடுத்துக் காட்டி, “சூடு கூட ஆறவில்லை அக்கா” என்கிறான். வீடியோவில் சூடு எப்படித் தெரியும்? “பிடிக்கவில்லை என்றால் மறுநாளே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்ற பேச்சோடு ஜிபேயில் 7,200 ரூபாய் போய்விட்டது. செங்குன்றம் பக்கம் பண்ணை என்றவனிடம் நேரில் வருகிறோம் என்றதற்கு, நோய் பரவும், வெளியாட்களை விடுவதில்லை என்றான். நல்ல பண்ணைக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள், அதனால் அதுவும் நியாயமாகவே பட்டது.

கோழிகள் வந்தது நன்றாக இருட்டிய பிறகு. லோடு ஆட்டோக்காரர் பிளாஸ்டிக் கூடையை இறக்கி வைத்தார். கேட்டதற்கு, “எனக்கு ஒன்றும் தெரியாது, வாடகை வாங்கிவிட்டேன்” என்று கிளம்பிவிட்டார்.

விடிந்ததும் அத்தை ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். பொன்னேரிப் பக்கம் கோழியோடு வளர்ந்தவர். “இது மூக்கு வெட்டின கோழி” என்றார். மேல் அலகின் நுனி மழுங்கிப்போய், கீழ் அலகு அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கப் பண்ணைகளில் குஞ்சாக இருக்கும்போதே அலகைச் சுட்டு வெட்டுவார்கள். வீட்டுக்கோழிக்கு யார் வெட்டப்போகிறார்கள்? சீய்த்துத் தேயாத நகங்கள் வளைந்து கிடந்தன. கழுத்தில் இறகு போய்த் தோல் தெரிந்தது. மண்ணில் விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கின்றன, குப்பையைக் கிளறக்கூடத் தெரியவில்லை. கம்பிக் கூண்டில் ஒன்றரை வயது தாண்டும்வரை முட்டையிட்டு ஓய்ந்து, கறிக்கடைக்குக் கிலோ கணக்கில் போக வேண்டிய பழுப்பு நிற முட்டைக்கோழிகளை 5 மாத நாட்டுப் பெட்டை என்று தலையில் கட்டியிருக்கிறான்.

போன் செய்தால், “இடம் மாறிய பயம் அக்கா, ஒரு வாரம் பொறுங்கள்.” அடுத்து, “தீவனம் சரியில்லை, கம்பு போடுங்கள்.” அதற்கடுத்து, “கிளிஞ்சல் தூள் வையுங்கள்.” அலகைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, இன்னும் 1,500 ரூபாய் அனுப்பினால் வேறு கோழி மாற்றித் தருகிறானாம்! முடியாது என்றதும் என் எண்ணையே தடுத்துவிட்டான். செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தால், இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயம் என்று இயந்திரம் எழுதிய பதில் ஒன்று வருகிறது. மறுபடி எழுதினாலும் எழுத்து மாறாமல் அதே பதில். 7,200 ரூபாய் இவர்களுக்குக் காசாகவே தெரியவில்லை.

இதற்குள் கோழிகள் தலையைத் தொங்கப்போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிய ஆரம்பித்தன. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெள்ளைக்கழிச்சல், வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி என்றார்கள். ‘எல்லாம் போட்டாயிற்று’ என்றானே! ஐந்து செத்துவிட்டன. பக்கத்து வீட்டு ஆயாவின் கோழிகளுக்கும் தொற்றினால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கோழி வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. பகல் வெளிச்சத்தில் கையில் தூக்கி அலகு, நகம், ஆசனவாய் மூன்றையும் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுக்கத் தினம் ஒரு முட்டை என்பவன் புளுகுகிறான். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நானும் அழைத்து 7,200 ரூபாய்க்குப் புகார் பதிந்திருக்கிறேன். அதே வீடியோவை வேறு பெயரில், ஒன்று 900 ரூபாய் என்று மறுபடி போட்டிருக்கிறான், ஜாக்கிரதை. கேள்வி இருந்தால் கேளுங்கள், இரவுதான் பதில் சொல்ல முடியும். மிச்சமிருக்கும் மூன்றைத் தனியாக அடைத்துவிட்டுக் கூண்டைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது.