யுபிளாக் ஆரிஜின்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் பயர்பாக்ஸ் உலாவியில், விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பல வருடங்களாக வைத்திருக்கிறேன். விளம்பரத் தொல்லை தாங்காமல்தான் முதலில் போட்டேன். இன்று அதை விடாமல் வைத்திருப்பது டிராக்கர்களை, அதாவது நாம் எதைப் பார்க்கிறோம் என்று தளம் தளமாகப் பின்தொடரும் நிரல்களை, தடுப்பதற்காக.

நீட்சியின் ஐகானைத் தட்டி விரிவான பட்டியலைத் திறந்தால், அந்தப் பக்கம் எந்தெந்த டொமைன்களை (இணைய முகவரிகளை) தொடர்புகொள்ளப் பார்க்கிறது என்று தெரியும். ஒரு செய்தி படிக்கப் போனால் செய்தித்தளத்தின் பெயருக்குக் கீழே கேள்வியே படாத பெயர்கள் வரிசையாக நிற்கும். சமையல் குறிப்பு பார்க்கப் போனாலும் அதே பெயர்கள். உடம்புக்கு என்ன என்று தேடப் போனாலும் அதே பெயர்கள்! நாம் படிப்பதையெல்லாம் ஒருவர் கோத்து வைக்க முடிவது இதனால்தான். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை.

ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி ஆகிய வடிகட்டிப் பட்டியல்கள் (எவற்றைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள்) நிறுவியதுமே வேலை செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். இன்னும் கடுமையாகத் தடுக்க நாமே அமைத்துக்கொள்ளும் 'மீடியம் மோட்', வேறு டொமைன்களிலிருந்து வரும் எல்லா மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்ட்களையும் (நிரல்களையும்) ஃபிரேம்களையும் (பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட வேறு பக்கங்களையும்) தடுத்துவிடும். பக்கம் சட்டென்று திறக்கும், சரி. ஆனால் பணம் கட்டும் பக்கம் வேறு டொமைனிலிருந்து வந்தால் ஓடிபி பெட்டியே தெரியாமல் போகலாம். ஒவ்வொரு புதுத் தளத்திலும் எதை அனுமதிப்பது என்று பார்க்கப் பொறுமை வேண்டும். அதனால் கணினியில் மட்டும் மீடியம் மோட். போனிலும், அம்மாவின் லேப்டாப்பிலும் இயல்பு அமைப்புதான்.

குரோம் 2024 முதல் பழைய வகை நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. அங்கே இப்போது யுபிளாக் ஆரிஜின் லைட் என்ற எளிய பதிப்புதான். குரோமின் புதிய முறையில், பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து முடிவெடுப்பதற்குப் பதிலாக, விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும். அன்றாட விளம்பரங்களுக்கு லைட் நன்றாகவே போதும். ஆனால் சில டிராக்கர்கள், நாம் பார்க்கும் தளத்தின் துணை டொமைன் பெயரிலேயே ஒளிந்து வரும். பயர்பாக்ஸ் பதிப்பு அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான டொமைனைத் தேடிப் பார்த்துத் தடுக்கும். நான் உலாவியை மாற்றாததற்கு இந்த ஒரு வசதியே காரணம்.

யுபிளாக்கை 2014-இல் தொடங்கிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. எந்த விளம்பர நிறுவனத்துக்கும் வழிவிடாத கருவி என்று நம்ப எனக்கு அது பெரிய காரணம்.

விளம்பர வருமானத்தில் நடக்கும் சின்னத் தமிழ்த் தளங்கள் சிலவற்றுக்கு மட்டும் தடுப்பை அணைத்து வைத்திருக்கிறேன். அப்புறம், இதோடு இன்னொரு தடுப்பானைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு பக்கம் உடைந்தால் எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.