ஞாயிறு இஷா வகுப்பு: 200 ரூபாய்க்குத் தகுமா?

எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் ஞாயிறுதோறும் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு ஆறு வாரம் ஒரு வகுப்பு நடந்தது. கட்டணம் 200 ரூபாய், ஜெராக்ஸ் நோட்ஸும் இஞ்சி டீயும் சேர்த்து. பாடம், மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’ என்ற பெரிய நூலில் முதல் கிதாபான ‘கிதாபுல் இல்ம்’, அதாவது இல்மை (கல்வியை) பற்றிய பகுதி மட்டும். நாற்பது கிதாபில் ஒன்றுக்கே ஆறு வாரமா என்று நினைத்துக்கொண்டுதான் பெயர் கொடுத்தேன்.

நான் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். கல்வி தேடுவது கடமை என்று ஜும்ஆ பயானில் கேட்டே வளர்ந்ததால், எந்த இல்மும் நல்லதுதான் என்றிருந்தேன். முதல் நாளே பாடம் நடத்திய ஹஜ்ரத் அதில் கை வைத்தார். ‘ரப்பி ஸித்னீ இல்மா’ (இறைவா, எனக்குக் கல்வியை அதிகமாக்கு) என்று கேட்கச் சொன்ன மார்க்கத்தில்தான், பயன் தராத இல்மை விட்டுப் பாதுகாப்புத் தேடும் துஆவும் இருக்கிறது. ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் நபிமொழி. சூனியம் கற்றவர்கள் தங்களுக்குக் கெடுதலானதையே கற்றார்கள் என்று குர்ஆனின் பகரா அத்தியாயம் 102ஆம் வசனம் சொல்வதையும் ஓதிக் காட்டினார்.

மூன்றாம் வாரம் வந்த கதைதான் உச்சம். பிள்ளையில்லாத ஒருத்தியின் நாடியைப் பார்த்த வைத்தியர், நாற்பது நாளில் மவுத் என்று சொல்லிவிடுகிறார். அவள் காசு பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, சோறு தண்ணீர் இறங்காமல் கிடக்கிறாள். நாள் கடந்தும் சாகவில்லை. கணவன் போய்க் கேட்டால், “கொழுப்புதான் கருவைத் தடுத்தது, மரண பயத்தைத் தவிர வேறெதிலும் இளைக்க மாட்டாள், இனி பிள்ளை பிறக்கும்” என்கிறார். தெரியாமல் இருந்ததே அவளுக்கு நிம்மதி என்று கஸ்ஸாலி இதைக் கொண்டுவரும் இடத்தில் ஹாலில் சத்தமே இல்லை.

நட்சத்திரக் கணக்கு ஆகும், அதை வைத்துப் பலன் சொல்வது ஆகாது என்ற இடத்தில், எங்கள் தெருவில் பால் கிதாபு பார்த்துக் குறி சொல்லும் பெரியவர் டீக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்தார், அது வேறு.

குறைகளும் உண்டு. நோட்ஸில் அரபி வரிகளுக்கு ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறிகள் போடவில்லை. என்னைப் போன்றவர்கள் எப்படி ஓதுவது? பெண்கள் பக்கத்து ஸ்பீக்கர் ஒரே கரகரப்பு, பாதிப் பாடத்தை வீட்டில் நான்தான் திருப்பிச் சொன்னேன். ஐந்தாம் வாரம் வீண். ஊரில் வைத்தியம் பார்க்க முஸ்லிம் ஆளில்லை, எல்லாரும் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) சர்ச்சைக்கே முண்டியடிக்கிறார்கள் என்று 900 வருடத்துக்கு முன் கஸ்ஸாலி புலம்பிய பக்கம். மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா (ஊரில் சிலராவது செய்தாக வேண்டிய கடமை) என்று பாடம் ஆரம்பித்ததுமே, இரண்டு இளவட்டங்கள் தொழுகையில் கை எங்கே கட்டுவது என்று சண்டைக்கு நின்றார்கள். முக்கால் மணி நேரம் போச்சு.

கடைசி வாரம் என் கேள்வியைக் கேட்டேன். சிலர் தங்கள் சம்சாரத்தின் போனைக் கடைக்குக் கொண்டுவந்து, லாக் எடுத்து அழித்த மெசேஜ்களை மீட்டுக் கேட்கிறார்கள். எனக்கு வேலை தெரியும், செய்யலாமா? ஹஜ்ரத் குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனத்தை ஓதினார்: துருவித் துருவி ஆராயாதீர்கள். “கத்துக்கிட்டது குத்தமில்ல தம்பி, அந்தக் காசு வேணாம்” என்றார். பிறகு கீறல் விழுந்த தன் போனை ஜிப்பாவிலிருந்து எடுத்து, டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.