புட்டியும் அந்தக் கருநீலமும்: நெடுநாள் புழக்கத்துக்குப் பிறகு

"தம்பி, எல்எஸ் போட்டா போல்டர் பேரெல்லாம் நல்லாத் தெரியுது. விம்-ல ஃபைலத் திறந்தா கமெண்ட் மட்டும் கண்ணுக்கே சிக்கலியே, மானிட்டர் போயிட்டோ?" என்று வண்ணார்பேட்டை அண்ணாச்சி ஒருத்தர் கேட்டார். அவர் வைத்திருப்பது புட்டி (PuTTY), அதாவது விண்டோஸிலிருந்து தூரத்து லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்து கட்டளை தட்டும் மென்பொருள். எல்எஸ் (ls) என்பது ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை, விம் (vim) ஓர் எடிட்டர், கமெண்ட் என்பது புரோகிராமில் படிப்பவருக்காக எழுதும் குறிப்பு.

மானிட்டருக்கு ஒன்றும் இல்லை அண்ணாச்சி. புட்டியில் 'ஏஎன்எஸ்ஐ ப்ளூ' என்ற நீலம் 0, 0, 187 என்று (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 255-க்கு எவ்வளவு என்ற கணக்கு) வைக்கப்பட்டிருக்கிறது. கருப்புப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1.7 தான். சின்ன எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க 4.5 ஆவது வேண்டும். சித்திரை வெயில் ஜன்னல் வழியாக ஸ்கிரீனில் விழும்போது அந்த வரி இருக்கிற இடமே தெரியாது.

அப்புறம் போல்டர் பெயர் மட்டும் எப்படித் தெரிகிறது? எல்எஸ் அதற்கு அனுப்பும் குறியீடு 01;34. 34 என்றால் நீலம், 01 என்றால் போல்டு. புட்டி, நாம் எதையும் மாற்றாதவரை, போல்டுக்கு எழுத்தைத் தடிமனாக்காது. நிறத்தை 'ஏஎன்எஸ்ஐ ப்ளூ போல்டு'க்கு, அதாவது 85, 85, 255-க்கு மாற்றும். கான்ட்ராஸ்ட் 4.1 ஆகிவிடும். விம் கமெண்டுக்கு வெறும் 34 தான் வருகிறது. புட்டி தன்னை எக்ஸ்டெர்ம் (xterm) என்ற டெர்மினல் வகை, அதாவது கட்டளை தட்டும் திரை, என்று சொல்லிக்கொள்வதால், பின்னணி வெள்ளை என்று விம் எடுத்துக்கொண்டு கருநீலத்தைத் தேர்ந்தெடுக்கிறது. விம்மின் செட்டிங்ஸ் ஃபைலான விம்ஆர்சி-யில் 'செட் பேக்ரவுண்டு=டார்க்' (set background=dark) சேர்த்தால் கமெண்ட் சயான் என்ற பச்சை கலந்த நீலத்துக்கு மாறிவிடும்.

பலர் விழும் குழி வேறு. புட்டி செட்டிங்ஸில் விண்டோ, அதற்குள் கலர்ஸ் என்ற பக்கத்தில் போல்டு எழுத்தைக் காட்டும் விதத்தை 'தி ஃபான்ட்' என்று மாற்றுவார்கள். எழுத்து தடிக்கும், ஆனால் நிறம் 0, 0, 187-க்கே இறங்கிவிடும். அதுவரை தெரிந்த போல்டர் பெயரும் இருட்டுக்குள் போய்விடும். அதனால் முதலில் நீலத்தைச் சரி செய்யுங்கள். அதே பக்கத்துப் பட்டியலில் ஏஎன்எஸ்ஐ ப்ளூவைத் தேர்ந்து, மாடிஃபை அழுத்தி, 100, 150, 255 கொடுங்கள். கான்ட்ராஸ்ட் 7-ஐத் தாண்டும். போல்டு தடிமனாக வேண்டுமென்றால் அதற்குப் பிறகு மாற்றலாம்.

இதோடு ஓப்பன் அழுத்தினால் அடுத்த முறை எல்லாம் பழையபடி இருக்கும். செஷன் (சர்வர் இணைப்பு விவரம்) பக்கத்துக்குத் திரும்பி, 'டிஃபால்ட் செட்டிங்ஸ்' மேல் சேவ் செய்ய வேண்டும். ஏற்கெனவே சேமித்த செஷன்களுக்கு அது பொருந்தாது. ஒவ்வொன்றையும் லோடு செய்து, மாற்றி, சேவ் செய்ய வேண்டும். காலேஜ் லேப் மாதிரி நிறைய மெஷின் இருந்தால், ஒன்றில் சரிசெய்து, விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், புட்டியை எழுதிய சைமன் டாதம் பெயரில் இருக்கும் சாவியை (key) எக்ஸ்போர்ட் செய்து மற்றவற்றில் ஏற்றுங்கள். அதில் 'கலர்14' என்பதுதான் இந்த நீலம்.

மற்றபடி புட்டியைக் குறை சொல்ல வாய் வராது. ஒரே எக்ஸ்இ ஃபைல், இன்ஸ்டால் கிடையாது, ஓட்டை மெஷினிலும் சட்டென்று திறக்கும். மவுஸால் இழுத்தாலே காப்பி, வலது கிளிக்கில் பேஸ்ட். அந்தச் சுகம் கைக்குப் பழகிவிட்டால் வேறெதுவும் ஒட்டாது.

ஆனாலும் புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கமெண்ட் தெரியாத பிள்ளை, கமெண்டைப் படிக்காமலே பழகிவிடும். இப்போதைய விண்டோஸில் எஸ்எஸ்ஹெச், அதாவது சர்வருக்குள் நுழையும் கட்டளை, கூடவே வருகிறது. விண்டோஸ் டெர்மினலில் போல்டு தடிமனா, பளிச்சா, இரண்டுமா என்று தனியாகவே கேட்கிறது. அவர்கள் அங்கே தொடங்கட்டும்.

அண்ணாச்சி, நீங்க மாற வேண்டாம். 100, 150, 255 போட்டுட்டு, சேவ் பண்ண மட்டும் மறந்துராதிய.