புது கிராங்க் என்று காசு வாங்கி, பழையதையே தேய்த்து மாட்டிவிட்டார்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய்வரும் சின்ன லோடு வண்டி என்னுடையது. நானே ஓட்டுகிறேன், அதுதான் பிழைப்பு. வண்டியை நம்பி வாழ்கிற இன்னொருவருக்கு இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் இன்ஜினுக்குள் 'டொக் டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஏற்றத்தில் மிதித்தால் கூடும், காலை எடுத்தால் குறையும். பெயர் வாங்கிய ஒரு பட்டறையில் விட்டேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "கிராங்க் போயிருச்சு தம்பி, தேய்க்க முடியாது, புதுசுதான் போடணும்" என்றார் மெக்கானிக். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதைச் சுழற்சியாக மாற்றும் இரும்புத் தண்டுதான் கிராங்க். அது தேய்ந்து கோடு விழுந்தால், மேற்பரப்பை மெஷினில் அரைத்துச் சீராக்குவதைத்தான் தேய்ப்பது, கிரைண்டிங் என்பார்கள். கூலியோடு சேர்த்து 68,000 ரூபாய். வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா இன்னும் ஏறும்" என்று துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய கிராங்கைக் கேட்டேன். இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டானாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டரை மாதம்தான் ஓடியது. உடுமலை தாண்டியதும் ஆயில் லைட் மின்னியது, பின்னாலேயே அதே சத்தம். தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, கட்டி இழுத்து வந்து வேறொரு பெரியவரிடம் விட்டேன்.

அவர் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினார். ஆயிலில் ஜிகினா தூவியது போல உலோகத் தூள் மினுங்கியது. ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் வலையில் பாதியை, கசிவு வராமல் பூசும் சிலிக்கான் பேஸ்ட்டின் துணுக்குகள் அடைத்திருந்தன. சம்ப்பை மாட்டும்போது அளவில்லாமல் அப்பிய பேஸ்ட் பிய்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. அப்புறம் கிராங்கைத் தாங்கும் அரைவட்ட உலோகத் தகடான பேரிங் ஒன்றை எடுத்து, துடைத்து, முதுகுப் பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். 0.50 என்று அச்சு இருந்தது.

"புது கிராங்க்னா ஸ்டாண்டர்டு பேரிங்தான் உட்காரும் தம்பி. இது இருபது சைஸ். அரை மில்லி தேய்ச்ச கிராங்க்" என்றார். தேய்த்தால் கிராங்க் மெலியும், அந்த அளவுக்குத் தடித்த பேரிங் போட வேண்டும்; அந்த அளவுதான் முதுகில் இருக்கும் அச்சு. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கிரைண்டிங் செய்வது தப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விரிசல் இல்லாத கிராங்கைப் பத்து சைஸோ இருபது சைஸோ ஒழுங்காகத் தேய்த்து, அதற்குரிய பேரிங் போட்டால் நன்றாகவே உழைக்கும். செலவும் குறைவு. புதிது என்று காசு வாங்கியதும், தேய்த்த வேலையையே கெடுத்து வைத்ததும்தான் அநியாயம்.

கிராங்கை லேத்துக்கு எடுத்துப் போனோம். கிராங்கில் பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி, பக்கச்சுவரைத் தொடும் மூலையில் சின்ன வளைவு இருக்க வேண்டும். இதில் விரல் நகத்தை வைத்தால் கத்தியால் வெட்டியது போல நேர் மூலை. சுமை முழுக்க அந்த இடத்தில் குவிந்து, விரிசல் அங்கிருந்துதான் கிளம்புமாம். லேத்காரர் கிராங்கை மண்ணெண்ணெயில் நனைத்து, துடைத்து, சாக்பீஸ் மாவு தடவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே மயிரிழை போல ஈரக்கோடு தெரிந்தது. இன்னும் சில லோடு அடித்திருந்தால் ஓட்டத்திலேயே இரண்டாக ஒடிந்திருக்கும் என்றார். ஆயில் துளைகளுக்குள் கிரைண்டிங் தூள் அப்படியே இருந்தது. பேரிங்கை அரைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

முதல் பட்டறைக்குப் போய்க் கேட்டால், "தேய்ச்சாலும் புதுசு மாதிரிதானே" என்கிறார்.

இன்ஜின் வேலைக்கு விடுகிறவர்கள் தயவுசெய்து பழைய கிராங்கும் பழைய பேரிங்கும் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். புதிது என்றால் அட்டைப்பெட்டியையும் பார்ட் நம்பரையும் பாருங்கள். பூட்டுவதற்கு முன்னால் பேரிங் முதுகை நீங்களே படியுங்கள். கிரைண்டிங் என்றால் லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்து எடுத்த அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். முக்கியமாக, முதல் கிராங்க் ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் பம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் பார்க்காமல் கிராங்கை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். தானே ஓட்டிப் பிழைக்கிறவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில் இல்லாததுதான் என் பெரிய குறை. இருப்பது துண்டுச்சீட்டு, 0.50 அச்சுப் போட்ட பேரிங், அப்புறம் அந்த விரிசல் விட்ட கிராங்க். சாக்கில் சுற்றி வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன்.