சிறைப் பதிவுக் கட்டணம்: கைதானதுமே பிடிப்பதா, தண்டனைக்குப் பிறகு கேட்பதா?

அமெரிக்காவில் ஒருவரைக் கைது செய்து சிறைக்குக் கொண்டுபோனால், கைரேகை, புகைப்படம், பெயர்ப் பதிவு என்று நடக்கும் வேலைக்கு அவரிடமே காசு வாங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எப்போது வாங்குவது என்பதில்தான் வித்தியாசம்.

மினசோட்டாவின் ராம்சே கவுன்ட்டியில் உள்ளே நுழையும்போதே 25 டாலரைப் பிடித்தார்கள். கையில் 46 டாலர் வைத்திருந்த ஒருவருக்கு அது போக மீதி 21 டாலர், விடுதலையாகும்போது டெபிட் கார்டாக வந்தது. அந்தக் கார்டிலிருந்து பணம் எடுக்கவும் தனிக் கட்டணம். வழக்கு தள்ளுபடியானால் 25 டாலர் திரும்பக் கிடைத்தது, ஆனால் அவரே படிவம் நிரப்பி, ஆதாரம் காட்டி வாங்க வேண்டியிருந்தது. தண்டனையே இல்லாதவர் எதற்காக அலைய வேண்டும்? 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சரி என்றதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கலிபோர்னியாவில் தண்டனைக்குப் பிறகுதான் கேட்டார்கள். நிரபராதி தப்பித்தார், அந்த வகையில் எவ்வளவோ மேல். ஆனால் தொகையைப் பாருங்கள்: 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 270.17 டாலர்! கட்ட வசதியில்லை என்று தண்டனை விதித்த அன்றைக்கே சொல்லாததால் பிறகு அதை எழுப்ப முடியாது என்று தீர்ப்பு. சிறைக்குப் போகிற பதற்றத்தில் நிற்பவருக்கு அது எங்கே ஞாபகம் வரும்?

இரண்டில் ஒன்று என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், அதுவும் மனசில்லாமல். கலிபோர்னியாவே 2021 ஜூலை முதல் இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது, பழைய பாக்கியையும் வசூலிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.